கரண்ட் வைக்கும்போது பாதம் தானாகத் துடிக்கிறது: தோல்வழி மின்தூண்டல் தசையின் அனிச்சையைக் கூட்டுமா, குறைக்குமா?

பதிவு 1 · மாலைநடை

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 64. ஏழு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. இப்போது ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டால் கூடத்திலிருந்து வாசல் வரை நடக்கிறார். ஆனால் வலது கெண்டைக்கால் எந்நேரமும் இறுகியே இருக்கிறது. நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தரையில் இழுபடுகிறது. வாரத்தில் ஐந்து நாள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் இரண்டு பேடுகளை ஒட்டிக் கரண்ட் வைக்கிறார். கரண்ட் வந்தால் பாதம் மேலே எழும், நின்றால் கீழே விழும்.

சென்ற வாரம் இரண்டு முறை, பாதம் எழுந்த அடுத்த கணமே தானாகத் துடிக்கத் தொடங்கிவிட்டது. குதிகால் கட்டில் சட்டத்தில் விடாமல் தட்டிய ஓசை அடுக்களை வரை கேட்டு அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். பத்துப் பன்னிரண்டு துடிப்புகளுக்குப் பிறகு, பிசியோதெரபிஸ்ட் பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தியதும் அடங்கியது. "நரம்பு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, நல்ல அடையாளம்தான்" என்று அவர் சொன்னார். இதற்கு முன் நாங்கள் போய்வந்த ஓரிடத்தில் கெண்டைக்கால் மீதே ஒரு மாதம் கரண்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் இறுக்கம் கூடியது என்று அம்மா உறுதியாகச் சொல்கிறார்.

தோல் மீது வைக்கும் கரண்ட் அனிச்சைச் செயலைத் தூண்டிவிடுமா, அடக்குமா? இந்தத் துடிப்பு ஆபத்தானதா? உறவினர் ஒருவர் சின்னதாக ஒரு டென்ஸ் கருவி (தோல் வழியாக நரம்பைத் தூண்டும் மின்கருவி) வாங்கி நாமே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதிவு 2 · பிசியோ_திருச்சி

சகோதரி, நான் பதினெட்டு ஆண்டுகளாகப் பக்கவாத நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வருகிறேன். நீங்கள் விவரித்த துடிப்புக்கு குளோனஸ் என்று பெயர். அது உயிருக்கு ஆபத்தானதன்று. ஆனால் நரம்பு மீண்டு வருவதன் அடையாளமும் அன்று. மூளையின் கட்டுப்பாடு தளர்ந்த தண்டுவடத்தில் நீட்சி அனிச்சை அளவுமீறிப் போயிருப்பதையே அது காட்டுகிறது.

பாதம் மேலே எழும்போது முன்பக்கத் தசை சுருங்குவதை நாம் பார்க்கிறோம். அதே கணத்தில் பின்பக்கத்துக் கெண்டைத்தசை இழுபடுவதை யாரும் கவனிப்பதில்லை. தசைக்குள் நூல் நூற்கும் கதிரின் வடிவில் இருக்கும் உணர்விகள், தசை எவ்வளவு நீள்கிறது என்பதை மட்டுமல்லாமல் எவ்வளவு விரைவாக நீள்கிறது என்பதையும் தண்டுவடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கெண்டைத்தசை சடாரென்று இழுபட்டால் தண்டுவடம் உடனே அதைச் சுருக்குகிறது, பாதம் கீழே இறங்குகிறது. கரண்ட் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் பாதம் மறுபடி மேலே இழுக்கப்படுகிறது, தசை மறுபடி நீள்கிறது, மறுபடி சுருங்குகிறது. கணுக்காலில் இந்தச் சுழற்சி வினாடிக்கு 5 முதல் 7 முறை நடக்கும். உங்கள் வீட்டில் கேட்ட ஓசை அதுதான். ஆஸ்திரேலிய நரம்பியலாளர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-இல் தசை இறுக்கத்துக்கு வகுத்த வரையறையே, நீட்டும் வேகத்துக்கு ஏற்பக் கூடும் நீட்சி அனிச்சை என்பதுதான். வேகம் என்ற அந்தச் சொல்லில்தான் உங்கள் சிக்கலுக்கான விடை இருக்கிறது.

ஆகவே நான் முதலில் கேட்பது கரண்ட் எத்தனை மில்லி ஆம்பியர் என்பதையன்று. அது எவ்வளவு நேரத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது என்பதை. பழைய ஸ்டிமுலேட்டர்களில் சர்ஜ் என்று ஒரு திருகு இருக்கும், புதியவற்றில் ஏறுநேரத்தை வினாடிக் கணக்கில் அமைக்கலாம். அது மிகக் குறைவாக இருந்தால் பாதம் உதறினாற்போல் எழும். அதை இரண்டு வினாடிக்கு நீட்டி, கரண்டின் அளவையும் சற்றுக் குறைத்து, முழங்காலுக்கு அடியில் சிறு தலையணை வைத்துப் பாருங்கள். முழங்கால் சற்று மடங்கியிருந்தால் கெண்டைத்தசையின் ஒரு பகுதி தளர்ந்திருக்கும்.

கெண்டைக்கால் மீது வைத்ததால்தான் இறுக்கம் கூடியது என்று என்னால் சொல்ல முடியாது. பக்கவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் இறுக்கம் எப்படியும் வளரக்கூடியதே. கரண்ட் வைத்த மாதமும் அதுவும் ஒன்றாக அமைந்திருக்கலாம். இறுகிய தசையின் மீதே கரண்ட் வைத்து இறுக்கம் குறைந்த ஆய்வுகளும் உண்டு. ஆயினும் பாதம் தூக்க முடியாமல் இழுபடும் ஒருவருக்கு முன்பக்கத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பதிவு 3 · மின்வரைவு

ஒரு நரம்பியல் ஆய்வகத்தில் மின்பதிவு எடுப்பது என் பணி. பிசியோ ஐயா சொன்ன நீட்சி அனிச்சையைத் தசையை இழுக்காமல், தோல் வழியாக ஒரே ஒரு மின்துடிப்பு கொடுத்தே காண முடியும். ஜெர்மானிய உடலியலாளர் பால் ஹாஃப்மன் 1910-இல் இதை விவரித்தார். பின்னர் 1950-இல் மேக்லடெரியும் மெக்டூகலும் அவருடைய பெயரின் முதலெழுத்தைக் கொண்டு எச் அனிச்சை என்று அழைத்தனர்.

நோயாளி குப்புறப் படுத்திருப்பார். முழங்காலின் பின்குழியில், நரம்பு தோலுக்கு அருகே வரும் இடத்தில், சிறு மின்முனையை அழுத்திப் பிடிப்போம். கெண்டைத்தசையின் கீழ்ப்பகுதியில் பதிவு முனைகள் ஒட்டியிருக்கும். ஒரு மில்லிவினாடி நீளமுள்ள துடிப்பை மிகக் குறைந்த அளவிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போவோம். முதலில் திரையில் ஒன்றும் தெரியாது. நோயாளி "ஏதோ சுண்டுகிறது" என்பார். பிறகு, துடிப்பு கொடுத்துச் சுமார் 30 மில்லிவினாடி கழித்து ஒரு சிறு மேடு எழும். அதுதான் எச் அலை. உணர்வு நரம்பு வழியாகத் தண்டுவடம் வரை சென்று, அங்கே இயக்க நரம்பணுவைத் தூண்டி, தசைக்குத் திரும்பி வர ஆகும் நேரம் அது. உயரமானவர்களுக்குச் சற்றுக் கூடும், பாதை நீளம் என்பதால்.

இன்னும் ஏற்றினால், சில மில்லிவினாடிகளிலேயே வேறொரு அலை முன்னால் வந்து நிற்கும். இயக்க நரம்பு நேரடியாகத் தூண்டப்பட்டதால் வருவது அது, எம் அலை. எம் வளர வளர எச் சுருங்கி, கடைசியில் மறைந்தே போகும். இயக்க நரம்பில் தூண்டப்பட்ட துடிப்பு தசையை நோக்கி மட்டுமல்லாமல் தண்டுவடத்தை நோக்கியும் ஓடுகிறது. அங்கிருந்து இறங்கி வரும் அனிச்சைத் துடிப்பும் இதுவும் வழியில் மோதி இரண்டுமே அழிகின்றன. புதிதாகப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் இந்த ஓர் இடத்தில்தான் நான் நீண்ட நேரம் நிற்பேன், ஏனெனில் கரண்டைக் கூட்டினால் விளைவும் கூடும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

இன்னொன்று. துடிப்புகளுக்கு இடையே பத்து வினாடி இடைவெளி விட்டால் எச் அலை ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரும். வினாடிக்கு ஒன்று என்று கொடுத்தால், நலமாக உள்ளவருக்கு இரண்டாவது துடிப்பிலிருந்தே அலை பெரிதும் குறைந்துவிடும். பயன்பட்ட இணைப்பு சிறிது நேரம் சோர்ந்திருக்கிறது. இறுக்கம் உள்ளவர்களிடம் இந்தக் குறைவு போதிய அளவு நிகழ்வதில்லை. நோயாளி பல்லைக் கடித்தாலோ, இரு கைவிரல்களையும் கொக்கியாகக் கோத்து இழுத்தாலோ அலை பெரிதாகும். அதனால்தான் பதிவு எடுக்கும்போது யாரையும் பேச விடுவதில்லை.

பதிவு 4 · மாலைநடை

இருவருக்கும் மிக்க நன்றி. பல்லைக் கடிப்பது பற்றிப் படித்ததும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு நாளும் அப்பா கரண்டுக்குப் பயந்து கட்டில் கம்பியை இடது கையால் இறுகப் பிடித்திருந்தார். அதுவும் துடிப்புக்கு ஒரு காரணமாக இருக்குமா? மேலும், இங்கே சொல்லப்பட்டது எல்லாம் கரண்ட் அனிச்சையை எழுப்புவது பற்றியே. அடக்கவும் முடியும் என்கிறார்களே, அது எப்படி?

பதிவு 5 · இடைநரம்பு

முதுநிலை மாணவன் நான். கம்பியை இறுகப் பிடித்திருந்தது துடிப்பை எளிதாக்கியிருக்கலாம் என்றே நானும் கருதுகிறேன். உடலின் வேறொரு பகுதியில் வலிந்து இறுக்கும்போது கால் அனிச்சை கூடுவது 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹங்கேரிய மருத்துவர் யென்டிராசிக் காட்டிய உண்மை. முழங்கால் தட்டு அனிச்சை வராதவர்களிடம் மருத்துவர்கள் இன்றும் அந்த உத்தியைப் பயன்படுத்துகிறார்கள்.

அடக்குவது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு மூட்டின் ஒருபக்கத் தசை சுருங்கும்போது எதிர்ப்பக்கத் தசையை ஓய்வில் வைக்கும் ஏற்பாடு தண்டுவடத்திலேயே இருக்கிறது. ஆங்கிலேய உடலியலாளர் ஷெரிங்டன் இதை விரிவாக ஆராய்ந்து பரிமாற்றத் தடுப்பு என்ற கருத்தை நிலைநாட்டினார். முழங்காலின் வெளிப்பக்கத்தில், சிறு எலும்பின் தலைக்குக் கீழே வளைந்து வரும் நரம்பை மென்மையாகத் தூண்டினால், முன்பக்கத் தசையிலிருந்து வரும் உணர்வு இழைகள் ஓர் இடைநரம்பணு வழியாகக் கெண்டைத்தசையின் இயக்க நரம்பணுக்களை அடக்குகின்றன. முதலில் இந்த நரம்பையும் இரண்டு மூன்று மில்லிவினாடி கழித்துப் பின்குழி நரம்பையும் தூண்டினால் எச் அலை குறைவதைத் திரையிலேயே காணலாம். பக்கவாதத்துக்குப் பின் இந்தத் தடுப்பு நலிவடைகிறது.

அந்தத் தடுப்பைக் கரண்டால் மீண்டும் வலுப்படுத்த முடியுமா என்று நலமானவர்களிடம் பெரெஸ், ஃபீல்ட்-ஃபோட், ஃப்ளோட்டர் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் ஈர்த்தது. ஒரே நரம்பு, அரை மணி நேரம், ஒரே எண்ணிக்கைத் துடிப்புகள். ஒரு முறையில் ஒன்றரை வினாடிக்கு ஒரு முறை பத்துத் துடிப்புகளைக் கொத்தாக, 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 100 துடிப்பு) வேகத்தில் கொடுத்தார்கள். இன்னொரு முறையில் அதே துடிப்புகளை 150 மில்லிவினாடிக்கு ஒன்றாகச் சீராகப் பரப்பினார்கள். கொத்தாகக் கொடுத்தபோது பரிமாற்றத் தடுப்பு வலுத்தது. சீராகக் கொடுத்தபோது வலுக்கவில்லை. நடக்கும்போது உணர்வு இழைகள் தண்டுவடத்துக்கு அனுப்பும் செய்தியும் அப்படிக் கொத்துக் கொத்தாகத்தான் இருக்கும். மொத்தக் கரண்டைவிட அது வரும் தாளத்தையே தண்டுவடம் கேட்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் விளைவு நிமிடக் கணக்கில்தான் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

பக்கவாத நோயாளிகளிடம் நாள் கணக்கில் செய்து பார்த்தவர்கள் லெவின், ஹுய்-சான் இருவரும். 1992-இல் வெளியான ஆய்வில், அதே நரம்பின் மீது டென்ஸ் கருவியை நாளொன்றுக்கு 60 நிமிடம் என மூன்று வாரங்களில் 15 நாள் வைத்தார்கள். போலிச் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது இறுக்கம் குறைந்தது, பாதத்தை மேலே தூக்கும் வலு கூடியது. குதிகால் நாணில் அதிர்வு கொடுக்கும்போது எச் அலை அடங்க வேண்டும். இறுக்கம் உள்ளவர்களிடம் அது சரியாக அடங்குவதில்லை. மூன்று வாரச் சிகிச்சைக்குப் பின் முன்பைவிட நன்றாக அடங்கியது.

பதிவு 6 · பழைய_வார்டு

நரம்பியல் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதியவர்கள் சொன்னவற்றில் பிழையில்லை. ஆனால் ஒரு கவலை. எச் அலை சிறுத்துவிட்டது என்பதாலேயே நோயாளி நன்றாக நடப்பார் என்று ஆகாது. படுக்கையில் அசையாமல் கிடக்கும்போது அளந்த அலை, நடக்கும்போது அந்தத் தசை செய்வதைச் சொல்வதில்லை. நலமானவரிடமே இதே அனிச்சை நிற்கும்போது பெரிதாகவும், நடக்கும்போது சிறிதாகவும், ஓடும்போது இன்னும் சிறிதாகவும் இருக்கும். ஓர் அடி எடுத்து வைப்பதற்குள்ளேயே ஏறி இறங்கும்.

இறுக்கம் முழுவதும் அனிச்சையால் வருவதுமன்று. மாதக்கணக்கில் நீட்டப்படாத தசையும் நாணும் குறுகிக் கெட்டிப்பட்டுவிடுகின்றன; அந்தப் பகுதியை எந்தக் கரண்டும் தளர்த்தாது. தசை இறுக்கத்தைக் கையால் அசைத்துப் பார்த்து மதிப்பிடும் ஆஷ்வொர்த் அளவுகோலில் 2 அல்லது 3 என்று எழுதிவிட்டால் அதில் எவ்வளவு அனிச்சை, எவ்வளவு குறுக்கம் என்பது தெரியாது. வீட்டிலேயே ஓரளவு அறியலாம், தங்கையே: முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மிக மெல்ல மேலே தள்ளிப் பாருங்கள், எந்தக் கோணம் வரை போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை விரைவாகத் தள்ளுங்கள். மெல்லத் தள்ளும்போது போன இடத்துக்கு முன்பே விரைவில் தடுக்கிக்கொண்டால், அந்த இடைவெளி அனிச்சையால் வருவது. மெல்லத் தள்ளியும் பாதம் செங்கோணத்துக்கு வரவில்லை என்றால், நீட்சிப் பயிற்சியும் பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பட்டையும்தான் முதலில் வேண்டும். கரண்டுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள்.

பதிவு 7 · இடைநரம்பு

ஐயா சொல்வதை ஏற்கிறேன். என்றாலும் அனிச்சைக்கும் நடைக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் வோல்பா, தாம்ப்சன் குழுவினர் எச் அலையைத் திரையில் காட்டி, அதைக் குறைத்தால் வெற்றி என்று நோயாளிக்கே பயிற்சி கொடுத்தார்கள். 2013-இல் வெளியான அவர்களின் ஆய்வில், தண்டுவடம் முழுதும் அறுபடாத நிலையில் நடக்கச் சிரமப்பட்டவர்கள் 30 அமர்வுகள் பயின்றார்கள். அலையைக் குறைக்கப் பயின்ற ஒன்பது பேரில் ஆறு பேருக்கு அது குறைந்தது. அந்த ஆறு பேரின் நடை வேகமும் சீரும் மேம்பட்டன. இங்கே கரண்ட் மருந்தாக இல்லை, கண்ணாடியாக இருந்தது.

ஹாங்காங்கில் இங், ஹுய்-சான் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வும் ஐயாவின் பக்கம்தான் நிற்கிறது: டென்ஸ் மட்டும் வைத்தவர்களைவிட, டென்ஸ் வைத்துவிட்டு உடனே எழுந்து நிற்றல், அடியெடுத்தல் போன்ற பயிற்சிகளைச் செய்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள்.

பதிவு 8 · வடமுனை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் அனிச்சையைத் தெறிவினை என்றும், தண்டுவடத்தை முண்ணாண் என்றும் படித்தோம். ஆகவே இந்த இழையைச் சற்று மெதுவாகத்தான் வாசித்தேன். என் தம்பிக்கு விபத்தில் முண்ணாண் காயப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரவில் கால்கள் தாமாக மடங்கி உதைக்கின்றன. முதுகுத் தோலின் மீது கரண்ட் வைத்தால் இது குறையும் என்று இணையத்தில் கண்டேன். வீட்டில் இருக்கும் டென்ஸ் கருவியை முதுகில் வைக்கலாமா?

பதிவு 9 · மின்வரைவு

அண்ணா, தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். நீங்கள் கண்டது உண்மையான ஆராய்ச்சிதான். வியன்னாவில் மினாசியன் குழுவினர் 2007-இல், கீழ்முதுகெலும்புகளுக்கு நேராகத் தோலின் மீது ஒரு மின்முனையும் வயிற்றின் மீது வேறு முனைகளும் வைத்து, இரு கால் தசைகளிலும் அனிச்சையை எழுப்பிக் காட்டினார்கள். அது அனிச்சைதான், இயக்க நரம்பின் நேரடித் தூண்டல் அன்று என்று உறுதிசெய்ய இரண்டு துடிப்புகளை 50 மில்லிவினாடி இடைவெளியில் கொடுத்தார்கள்; இரண்டாவதற்கு விடை அடங்கிப்போனது. நேரடித் தூண்டலாக இருந்தால் இரண்டும் ஒரே அளவில் வந்திருக்கும். அதே முனைகள் வழியாக, தசை துள்ளாத அளவில், 50 ஹெர்ட்ஸ் கரண்டை அரை மணி நேரம் கொடுத்து இறுக்கம் குறைவதையும் பின்னர் சிலரிடம் கண்டார்கள்.

கழுத்துப் பகுதித் தண்டுவடக் காயத்துக்கு இதே வழியில் கைகளின் வலுவையும் உணர்வையும் மேம்படுத்தும் கருவி ஒன்றை 60 பேரிடம் சோதித்தார்கள். 72 விழுக்காட்டினர் பயன் பெற்றதாக 2024-இல் வெளியிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அது கைகளுக்கானது, தம்பியின் இரவு உதைப்புக்கானதன்று. முனை எந்த முள்ளெலும்புக்கு நேராக இருக்கிறது, அவர் எப்படிப் படுத்திருக்கிறார் என்பவற்றைப் பொறுத்தே எந்த நரம்பு வேர் தூண்டப்படும் என்பது மாறும். மேலும் உணர்வு இல்லாத தோலில் பேடின் ஓரம் காய்ந்து தூக்கிக்கொண்டால் கரண்ட் ஒரே புள்ளியில் குவிந்து தோல் வெந்துபோகும். அவருக்குத் தெரியவே தெரியாது. உதைப்பு திடீரெனக் கூடியிருந்தால் முதலில் சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண், மலச்சிக்கல், நகம் சதைக்குள் வளர்ந்திருத்தல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். காயத்துக்குக் கீழே எழும் எந்த உறுத்தலும் மடக்கும் தெறிவினையாகத்தான் வெளிப்படும்.

பதிவு 10 · பிசியோ_திருச்சி

மடக்கும் அனிச்சையை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்களும் உண்டு என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். ஸ்லொவேனியாவின் லுப்லியானாவில் கிரால், பைட் இருவரும், கால்கள் செயலிழந்தவர்களுக்கு முழங்கால் அருகே நரம்பை வலுவாகத் தூண்டி, இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒருசேர மடங்கும் அனிச்சையை எழுப்பி, அதையே அடியெடுத்து வைப்பதற்குக் கையாண்டார்கள். ஆனால் அந்த அனிச்சை அடுத்தடுத்து எழுப்பினால் பழகிப்போய்ச் சோர்ந்துவிடும். அதற்கும் முன்னே 1961-இல் லிபர்சன், குதிகால் தரையை விட்டு எழும் கணத்தில் பாதத்தைத் தூக்கும் கருவியை அமைத்தார். உங்கள் அப்பாவுக்கு இப்போது நடப்பதற்கு மூலம் அதுதான், சகோதரி.

டென்ஸ் கருவி வாங்குவது பற்றி: பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் வைக்கவே கூடாது, கழுத்தின் முன்பக்கத்தில் யாருக்கும் வைக்கக் கூடாது. வாங்கினால் பேடின் இடத்தைப் பிசியோதெரபிஸ்ட் மார்க்கர் பேனாவால் தோலில் குறித்துத் தரட்டும். பாதம் நேராக மேலே எழாமல் வெளிப்பக்கமாகத் திரும்பினால் நரம்பின் வேறு கிளைக்குக் கரண்ட் போகிறது. முனையை விரலகலம் முன்னே நகர்த்த வேண்டும்.

பதிவு 11 · மாலைநடை

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். இந்த இழையை அச்சிட்டு எங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கொடுத்தேன். அவர் வருத்தப்படுவாரோ என்று தயங்கினேன். முழுவதையும் உட்கார்ந்து படித்துவிட்டு, ஏறுநேரம் அரை வினாடியில் இருந்ததைத் தாமே காட்டி இரண்டு வினாடிக்கு மாற்றினார். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தோம். அப்பாவின் இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்து அம்மா தம் மடியில் வைத்துக்கொண்டார். பாதம் இப்போது மெதுவாக எழுகிறது. அதன் பிறகு துடிப்பு ஒரே ஒரு முறைதான் வந்தது, அதுவும் இருமலின்போது.

பழைய_வார்டு ஐயா சொன்னபடி மெல்லவும் விரைவாகவும் தள்ளிப் பார்த்தோம். மெல்லத் தள்ளினால் செங்கோணத்துக்கு இரண்டு விரலகலம் குறைவாக நிற்கிறது. விரைவாகத் தள்ளினால் அதற்கும் வெகு முன்னரே தடுக்கிக்கொள்கிறது. இரண்டுமே இருக்கிறது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லி, இரவில் போட்டுக்கொள்ள ஒரு பட்டைக்கு அளவெடுத்திருக்கிறார். கரண்ட் முடிந்த கையோடு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பத்து முறை எழுந்து நிற்க வைக்கிறோம். டென்ஸ் கருவி இன்னும் வாங்கவில்லை. வடமுனை அண்ணா, தம்பியின் கால் விரல் நகங்களைப் பார்த்தீர்களா?

பதிவு 12 · வடமுனை

பார்த்தோம், தங்கச்சி. நகத்தில் ஒன்றும் இல்லை. சிறுநீரில் தொற்று இருந்தது. மருந்து தொடங்கி ஐந்து நாளாகிறது. நேற்றிரவு இரண்டு முறைதான் உதைத்தான்.